சொத்து வரி: ஆன்லைனில் கட்டும் முன் கணக்கைப் பாருங்கள்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால் கரண்ட் பில், போன் பில் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டிவிடுகிறோம். அந்த வரிசையில் சொத்து வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சொத்து வரியில் ஒரு வித்தியாசம் உண்டு. கரண்ட் பில் தவறாக இருந்தால் மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். சொத்து வரிக்கு மீட்டர் கிடையாது. உங்கள் வீட்டைப் பற்றி மாநகராட்சிக் கம்ப்யூட்டரில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் வரி வருகிறது.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் பெருக்கலில் தவறு செய்யாது. ஆனால் சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். சதுர அடி, வீடா கடையா என்ற விவரம், உரிமையாளர் பெயர் போன்றவை சரியாக இருந்தால்தான் வரியும் சரியாக இருக்கும். அதைச் சரிபார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். சரிபார்ப்பது எப்படி, பணம் கட்டுவது எப்படி, ரசீதைப் பாதுகாப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நான் இருப்பது கோவை சிங்காநல்லூர் என்பதால் கோவை மாநகராட்சியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும்.

வரி எப்படிப் போடப்படுகிறது?

வீடு இருக்கும் தெரு அல்லது பகுதி, கட்டிடத்தின் பரப்பு, கட்டிட வகை, அதன் வயது, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு அந்தக் கட்டிடத்துக்கு ஓர் ஆண்டு மதிப்பு கணக்கிடப்படும். அந்த மதிப்பில் ஒரு பங்குதான் சொத்து வரி. பரப்பு கூடினால் வரி கூடும். குடியிருப்பைவிடக் கடைக்குக் கூடுதல் வரி வரும்.

இந்த வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலிக்கப்படுவது இது. இப்போது சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா. உங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் புத்தகம் வருவதில் உங்கள் வீட்டு வரிக்கும் பங்கு இருக்கிறது.

குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம், தொழில் வரி ஆகியவை வேறு. சொத்து வரி கட்டியாகிவிட்டது என்று இவற்றை விட்டுவிடக் கூடாது. காலி மனைக்கும் காலியிட வரி என்று தனியாக உண்டு.

எப்போது கட்ட வேண்டும்?

ஆண்டுக்கு இரண்டு முறை கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாம் அரையாண்டு. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30க்குள்ளும், இரண்டாவதை அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்வார்கள். அதிகபட்சம் 5,000 ரூபாய். காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி சேரும்.

அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே கட்டினால் 75 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 150 ரூபாய். கட்டாமல் விட்டால் மாதம் 15 ரூபாய் வட்டி. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உள்ள காலண்டரில் ஏப்ரல் 5, அக்டோபர் 5 என இரண்டு தேதிகளுக்கு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஆண்டுதோறும் திரும்ப வரும்படி வைத்தால் மறுபடி யோசிக்கவே வேண்டாம்.

2022ல் என்ன நடந்தது?

சரிபார்க்கும் வேலைக்கு இந்த விஷயம் முக்கியம். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு, நகரங்களுக்கான மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் உயர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன் நடைமுறையில் இருந்த வரி, சென்னையில் 1998லும் மற்ற மாநகராட்சிகளில் 2008லும் சீராய்வு செய்யப்பட்டது. 2018ல் அறிவித்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த நிலையில் 2022 ஏப்ரலில் சொத்து வரிப் பொதுச் சீராய்வு அறிவிக்கப்பட்டது.

சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான உயர்வு இது:

600 சதுர அடி வரை - 25 சதவீதம்
601 முதல் 1,200 சதுர அடி வரை - 50 சதவீதம்
1,201 முதல் 1,800 சதுர அடி வரை - 75 சதவீதம்
1,800 சதுர அடிக்கு மேல் - 100 சதவீதம்

வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிப் பள்ளி, கல்லூரிகளுக்கும் 75 சதவீதம்.

ஒன்றைக் கவனியுங்கள். வருமான வரியில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே அப்படி இல்லை, மொத்த வரிக்கும் உயர்வு. பழைய வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு 1,190 சதுர அடி என்றால் புதிய வரி 1,500 ரூபாய். அதே வீடு 1,210 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 1,750 ரூபாய். இருபது சதுர அடி என்பது ஒரு சின்னக் குளியலறை அளவுகூட இல்லை. ஆனால் வித்தியாசம் ஆண்டுக்கு 500 ரூபாய்!

அதோடு முடியவில்லை. இந்தச் சீராய்வுக்குப் பின் ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்தவும் வழி செய்யப்பட்டது. சென்னை மாநகராட்சி 2024 செப்டம்பரில் அப்படி 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. ஆண்டுக்கு 6 சதவீதம் கூடிக்கொண்டே போனால் 1,500 ரூபாய் 12 ஆண்டுகளில் சுமார் 3,018 ரூபாய் ஆகிவிடும். அடிப்படைப் பதிவில் தவறு இருந்தால் அந்தத் தவறும் கூடவே வளரும்.

இரண்டு ரசீதில் ஒரு பரிசோதனை

இப்போது கம்ப்யூட்டருக்கு வேலை கொடுப்போம். 2021-22 இரண்டாம் அரையாண்டு ரசீதையும், 2022-23 இரண்டாம் அரையாண்டு ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்கத்தொகை, வட்டி, பழைய பாக்கி எதுவும் சேராத வரித் தொகையை மட்டும் பாருங்கள்.

எக்செல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். ஏ1 கட்டத்தில் பழைய வரியை டைப் செய்யுங்கள். பி1 கட்டத்தில் புதிய வரியை டைப் செய்யுங்கள். அடுத்து சி1 கட்டத்தில் க்ளிக் செய்து, ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=(பி1/ஏ1-1)*100

விடை 50 அல்லது அதை ஒட்டி வந்தால், உங்கள் வீடு 601 முதல் 1,200 சதுர அடிக்குள் பதிவாகியிருக்கிறது என்று பொருள். 75 வந்தால் 1,201 முதல் 1,800 வரை. ரூபாயை முழுதாக்குவதால் சிறு வித்தியாசம் வரலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நூலக வரியும் இதே விகிதத்தில்தான் உயரும் என்பதால் அது விடையை மாற்றாது.

இனி உங்கள் வீட்டின் உண்மையான பரப்பைப் பத்திரத்திலோ கட்டிட வரைபடத்திலோ பாருங்கள். இரண்டும் ஒரே படிக்குள் வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால் விசாரிக்க வேண்டும். நடுவில் மாடி எடுத்திருந்தாலோ, அறை சேர்த்திருந்தாலோ அதனாலும் வரி மாறியிருக்கலாம். அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத 64

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. மகன் வெளியூரில் இருக்கிறார். "வரி மட்டும் ஏறிட்டே போகுது கண்ணு, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று ரசீதுக் கட்டை நீட்டினார். பழைய வரி 1,250 ரூபாய், புதிய வரி 2,050 ரூபாய். மேலே சொன்ன பார்முலாவைப் போட்டேன். விடை 64.

25, 50, 75, 100 என்ற பட்டியலில் 64 இல்லையே? ஒரே கட்டிடத்தில் இரண்டு விகிதம் கலந்தால்தான் இப்படி நடுவில் ஓர் எண் வரும். "பெரியம்மா, வீட்டில் கடை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"கடையெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடி ரூம்ல டெய்லர் ஒருத்தர் இருந்தாரு. அவரு காலி பண்ணிப் போயி ஆறு வருசமாச்சு. இப்ப அரிசி மூட்டையும் பழைய கட்டிலுந்தான் அதுல கெடக்குது" என்றார்.

அதுதான் விஷயம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், குடியிருப்புப் பகுதி 900 ரூபாயிலிருந்து 50 சதவீதம் உயர்ந்து 1,350 ரூபாய். கடைப் பகுதி 350 ரூபாயிலிருந்து 100 சதவீதம் உயர்ந்து 700 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,050. டெய்லர் போனதை யாரும் எழுதிக் கொடுக்காததால் பதிவில் அது கடையாகவே இருந்தது. எழுதிக் கொடுக்காமல் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அறையின் போட்டோக்கள், கடை இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றிய மின்வாரியக் கடிதம், கடைசி வரி ரசீது ஆகியவற்றின் நகல்களோடு ஒரு மனு டைப் செய்து கொடுத்தோம். நேரில் வந்து அளந்து பார்த்தார்கள். அடுத்த அரையாண்டுக் கேட்பில் தொகை குறைந்துவிட்டது. ஆனால் சொல்லாமல் விட்ட ஆறு ஆண்டுகளுக்குக் கட்டியது கட்டியதுதான். பென்ஷன் பணத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் புதிதாகக் கடை வைத்தாலும், மாடி கட்டினாலும் நாமே தெரிவித்துவிட வேண்டும். பிறகு அளந்து கண்டுபிடித்தால் பாக்கி மொத்தமாகச் சேர்ந்து வரும்.

வரிவிதிப்பு எண் எங்கே?

ஆன்லைனில் கட்டத் தேவையான ஒரே முக்கிய விவரம் வரிவிதிப்பு எண். பேங்கில் உங்கள் கணக்குக்கு அக்கவுண்ட் நம்பர் போல, வீட்டுக்கு இது. ரசீதில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு எண்ணையும் வார்டு எண்ணையும் நம்பித் தேடினால் குழப்பம் வரலாம். சிங்காநல்லூர் முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 1981ல் கோவை மாநகராட்சியானபோது அதில் சேர்ந்தது. 2011ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் சேர்ந்தபோது வார்டுகள் 72லிருந்து 100 ஆயின. அதனால் தாத்தா காலத்து ரசீதில் இருக்கும் வார்டு எண் வேறு, இன்றைய எண் வேறு. பழைய ரசீது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வரிவசூல் மையத்துக்கோ பில் கலெக்டரிடமோ சென்று இன்றைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுவது எப்படி?

1. பிரவுசரைத் திறந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான வெப்சைட்டுக்குச் செல்லுங்கள். முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்: டிஎன், நகரத்தைக் குறிக்கும் அர்பன், இ என்ற ஓர் எழுத்து, பணம் செலுத்துவதைக் குறிக்கும் பே ஆகிய நான்கையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி, பிறகு புள்ளி, டிஎன், புள்ளி, ஜிஓவி, புள்ளி, இன்.

2. விரைவாகப் பணம் செலுத்தும் பகுதியில் சொத்து வரியைத் தேர்ந்தெடுங்கள்.

3. வரிவிதிப்பு எண்ணை டைப் செய்து தேடுங்கள்.

4. திரையில் வரும் பெயரையும் முகவரியையும் நிதானமாகப் படியுங்கள். ஒரு இலக்கம் மாறினால் அடுத்தவர் வீட்டு வரியைக் கட்டிவிடுவீர்கள்.

5. எந்த அரையாண்டுக்கு எவ்வளவு பாக்கி என்று காட்டும். ஏற்கெனவே கட்டியது பாக்கி என்று இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் பழைய ரசீதைத் தேடி எடுங்கள்.

6. எல்லாம் சரி என்றால் செல்போன் எண்ணைக் கொடுத்து, யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் ஆகியவற்றில் ஒன்றில் பணம் செலுத்துங்கள்.

7. ரசீது வரும் வரை பக்கத்தை மூடாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள். ரசீதை பிடிஎப் பைலாகச் சேமியுங்கள்.

கணக்கில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லையா? பதறி உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி நீங்கியிருந்தால் பணம் சேர்ந்துவிட்டது. யுபிஐ மூலம் கட்டிய பணம் உரிய இடத்துக்குச் சேராவிட்டால் 5 நாட்களுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் 2019ல் போட்ட விதி. வராவிட்டால் பரிவர்த்தனை எண்ணோடு உங்கள் பேங்கில் புகார் செய்யுங்கள்.

போலி லிங்க் ஜாக்கிரதை

"இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று எஸ்எம்எஸ் அனுப்பிப் பணம் பறித்த மோசடி நினைவிருக்கும். "சொத்து வரி பாக்கி, உடனே இந்த லிங்கில் கட்டவும்" என்றும் அதே பாணியில் வரலாம். வெப்சைட் முகவரியை எப்போதும் வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ஜிஓவி புள்ளி இன் என்று முடிந்தால்தான் அரசு வெப்சைட். அந்தப் பெயர் அரசுத் துறைகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஜிஓவி என்பது நடுவில் எங்காவது இருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது வேறு ஆள். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்கைத் தொடாமல் முகவரியை நீங்களே டைப் செய்வதுதான் நல்லது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

ரசீதுகளுக்கு ஒரு போல்டர்

வீட்டு வரி என்று ஒரு போல்டர் திறங்கள். பைல் பெயரில் ஆண்டை முதலில் வையுங்கள். 2025-26-1, 2025-26-2 என்று வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். பழைய காகித ரசீதுகளையும் ஸ்கேன் செய்தோ, செல்போனில் போட்டோ எடுத்தோ சேர்த்துவிடுங்கள். காகிதத்தின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். போல்டரின் ஒரு நகலை பென் டிரைவிலும் வையுங்கள்.

அதோடு ஓர் எக்செல் பைலில் அரையாண்டு, கேட்பு, ஊக்கத்தொகை, கட்டிய தொகை, கட்டிய தேதி, ரசீது எண் என்று ஆறு பத்திகள் போடுங்கள். அரையாண்டுக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்புத் தொகை திடீரென்று கூடினால் உடனே கண்ணில் படும்.

பெயர் யார் பெயரில்?

திரையில் இன்னும் அப்பா பெயரோ வீட்டை விற்றவர் பெயரோ வருகிறதா? வரி கட்டலாம், தடையில்லை. ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். வாங்கிய வீடு என்றால் கிரயப் பத்திரம், வாரிசு வழி வந்தது என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், கூடவே பாக்கி இல்லாத வரி ரசீதும் வேண்டும். லோன், கட்டிட அனுமதி என்று எதற்குப் போனாலும் வரி ரசீது கேட்பார்கள்.

அதே சமயம் வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. ரசீது என்பது வரி கட்டியதற்கு ஆதாரம் மட்டுமே. உரிமைக்குப் பத்திரம்தான் வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

பதிவில் உங்கள் வீட்டின் பரப்பும் பயன்பாடும் என்னவென்று இருக்கிறது என்பதை அறிய மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். எழுத்து மூலமாக வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். விவரம் கையில் வந்ததும் டேப் எடுத்து ஒரு முறை வீட்டை அளந்து பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பீரோவில் இருக்கும் ரசீதுக் கட்டை எடுத்து, அந்த ஒரு வரி பார்முலாவைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் ரசீதையும் வாங்கிப் போட்டுக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத எண் வந்தால் அடுத்த அரையாண்டு தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே மனுவை எழுதிவிடுங்கள்.